மூலக்கூறு லேபா, மீன் லேபா? பிஎச்டிக்கு எதை எடுப்பது

பின்னால் படிக்க வருபவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிவிடுகிறேன். முதுகலை முடித்திருக்கிறீர்கள், இரண்டு ஆய்வகங்களில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்றில் செல் சவ்வில் உட்கார்ந்திருக்கும் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடிக்கிற வேலை. இன்னொன்றில் மீன்கள் கூட்டமாக நீந்தும்போது எந்தப் பக்கம் திரும்புவது என்று எப்படி முடிவெடுக்கின்றன என்று பார்க்கிற வேலை. உங்களுக்கு மீன் பிடித்திருக்கிறது. ஆனால் சுற்றி இருப்பவர்கள் 'மூலக்கூறு பக்கம் போனால்தான் எதிர்காலம், மற்றதெல்லாம் பழைய உயிரியல்' என்கிறார்கள். எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பட்டவரையில் நீங்கள் உண்மையில் கேட்பது இதுதான்: ஐந்தாறு வருடம் கழித்து, தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமே என்று வருந்தாமல் இருக்க இப்போது எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்? அதற்கு எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே வரும்.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். என் பிஎச்டி நொதிகளில், அதாவது ஐந்து வருடம் குளிர் அறையும் சோதனைக் குழாயும்தான். அப்புறம் பழ ஈக்களுக்கு மாறினேன். வயதாகும்போது அவற்றின் நரம்பு மண்டலத்தில் என்ன ஆகிறது என்று பார்க்கும் வேலையில் பதினான்கு வருடமாக இருக்கிறேன், மாணவர்களோடு உட்கார்ந்து தீசிஸ் திருத்தியிருக்கிறேன். களப்பணி மட்டும் செய்ததில்லை. காட்டிலும் கடலிலும் ஆய்வு செய்கிறவர்களின் பாடு எனக்குக் கேள்வி ஞானம்தான் என்பதால் அந்தப் பக்கம் போகமாட்டேன்.

சந்தேகமே இல்லாமல் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூலக்கூறு உசத்தி, முழு உயிரி மட்டம் என்ற தரவரிசை உயிரியலில் கிடையாது. மூலக்கூறு உயிரியலின் பெருமைக்கு எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்வது அரிவாள் செல் நோயைத்தான், அதையே எடுத்துக்கொள்வோம். 1910இல் ஜேம்ஸ் ஹெரிக் என்ற மருத்துவர், ஒரு நோயாளியின் ரத்தத்தில் அரிவாள் போல வளைந்த சிவப்பணுக்களைப் பார்த்து எழுதினார். 1948இல் ஜேனட் வாட்சன் என்ற குழந்தை மருத்துவர், இந்த நோயோடு பிறக்கும் குழந்தைகளுக்கு முதல் சில மாதங்கள் ஏன் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை என்று யோசித்தார், கருவில் இருக்கும்போது உருவாகும் ஹீமோகுளோபின்தான் அவர்களைக் காக்கிறது என்று சொன்னார். அடுத்த வருடமே லைனஸ் பாலிங்கும் உடன் வேலை செய்தவர்களும், நோயாளிகளின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறு வேகத்தில் நகர்கிறது என்று காட்டி 'மூலக்கூறு நோய்' என்று பெயர் வைத்தார்கள். 1954இல் ஆந்தனி அலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் மக்களிடையே ஆய்வு செய்து, இந்த மரபணுவின் ஒரே ஒரு பிரதி இருந்தால் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு கிடைக்கிறது என்று கண்டார். 1957இல் வெர்னன் இங்கிராம், மாறியிருப்பது ஒரே ஓர் அமினோ அமிலம் என்று காட்டினார்: பீட்டா சங்கிலியின் 6ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலின்.

இதோடு கதை முடிந்தது என்றுதான் பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். ஆனால் அதே ஒரு மாற்றம் இருக்கும் இரண்டு பேரில் ஒருவர் அடிக்கடி மருத்துவமனையில் கிடக்கிறார், இன்னொருவர் ஓரளவு நன்றாக இருக்கிறார். ஏன் என்று அந்த 6ஆம் இடத்தை எத்தனை முறை பார்த்தாலும் தெரியாது. விடையின் ஒரு பகுதி, வாட்சன் குழந்தைகளிடம் பார்த்ததுதான். கருவின் ஹீமோகுளோபினை வளர்ந்த பிறகும் கொஞ்சம் உருவாக்கிக்கொண்டே இருப்பவர்களுக்கு நோய் மிதமாக இருக்கிறது. 2007, 2008 வாக்கில் ஏராளமானவர்களின் மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டபோது, அந்த உற்பத்தியை அடக்கிவைக்கும் பிசிஎல்11ஏ என்ற மரபணு கண்ணில் பட்டது. 2023இல் அனுமதி பெற்ற முதல் கிரிஸ்பர் (மரபணுவைத் திருத்தும் கருவி) சிகிச்சை, ரத்த ஸ்டெம் செல்களில் அந்த அடக்கத்தைத்தான் தளர்த்துகிறது, பழுதான 6ஆம் இடத்தைத் தொடுவதே இல்லை. குழந்தை, புரதம், மக்கள்தொகை, மரபணு, மறுபடி நோயாளி. ஓர் அடுக்கில் கிடைத்த விடை அடுத்த அடுக்கில் கேள்வியாக மாறிக்கொண்டே வந்திருக்கிறது, இதில் எந்த அடுக்கை 'பழையது' என்று தள்ளிவைப்பீர்கள்?

அதனால் எந்த அடுக்கு பெரியது என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். எந்த அடுக்கின் தினசரிப் பாடு உங்களால் தாங்கக்கூடியது என்று பாருங்கள். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, எனக்கும் சொல்லவில்லை. புரத வேலையில் தோல்வி சீக்கிரம் தெரியும். காலையில் செல்களை உடைத்து, நாள் முழுக்கக் குளிர் அறையில் நின்று புரதத்தைப் பிரித்தெடுப்பீர்கள், மாலையில் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால் அந்தப் புரதத்தின் பட்டை இருக்கும் அல்லது இருக்காது. அதிலும் சவ்வுப் புரதம் பிடிவாதம் பிடிக்கும். சவ்விலிருந்து வெளியே எடுத்ததும் கட்டி கட்டியாகச் சேர்ந்து குழாயின் அடியில் படிந்துவிடும், அதை அமைதியாக வைத்திருக்கும் சோப்பு எது, உப்பு எவ்வளவு என்று தேடுவதிலேயே ஒரு வருடம் போய்விடலாம். தொண்ணூறு தடவை கலங்கலாகப் போனதை 91ஆம் தடவை வேறு மாதிரி கலக்கிப் பார்க்கிற பொறுமை வேண்டும். முழு விலங்கு வேலையில் தோல்வி மெதுவாக வரும், அதுவும் வெற்றியின் முகத்தோடு வரும். மீன் தன் நேரத்துக்குத்தான் முட்டையிடும், விடுமுறை என்று பார்க்காமல் தீனி போட வேண்டும். எல்லாம் சரியாக நடந்து வித்தியாசமும் தெரிந்த பிறகு, நீங்கள் பார்த்த வித்தியாசம் நீங்கள் நினைத்த காரணத்தால் வந்ததுதானா என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

இந்த இரண்டாவது வகை எனக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். ஈக்களுக்கு மாறிய புதிது. ஒரு மரபணு பழுதான ஈக்கள் வயதானதும் மெதுவாக ஏறுகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பரிசோதனை எளிமையானது. பத்து ஈக்களை நிமிர்ந்த குழாயில் விட்டு மேசையில் மூன்று தட்டு தட்டினால் எல்லாம் அடியில் விழும், விழுந்ததுமே மேலே ஏறத் தொடங்கும். பத்து நொடியில் எத்தனை ஈக்கள் 8 சென்டிமீட்டர் கோட்டைத் தாண்டுகின்றன என்று எண்ண வேண்டும். முப்பது நாள் வயதான இயல்பு ஈக்களில் ஆறேழு தாண்டும். என் மியூட்டன்ட் ஈக்களில், அதாவது மரபணு பழுதானவற்றில், இரண்டு, சில சமயம் மூன்று. வாரா வாரம் அதே வித்தியாசம். ஏழு மாதம் எண்ணினேன், படமெல்லாம் வரைந்து பேப்பரின் முதல் வரியைக்கூட எழுதிவிட்டேன். ஒரு நாள் லேபில் மூத்தவர் ஒருவர் குழாய்களைப் பார்த்துவிட்டு, 'இரண்டுக்கும் ஒரே பின்னணிதானே?' என்று கேட்டார். இல்லை. மியூட்டன்ட் ஈக்கள் வேறொரு லேபிலிருந்து வந்தவை, பல வருடமாகத் தனியாக வளர்ந்து, வேறு எத்தனையோ மாற்றங்களைச் சேர்த்து வைத்திருந்தவை. ஒப்பிட வைத்திருந்த இயல்பு ஈக்கள், அதாவது கன்ட்ரோல், எங்களுடையவை. மியூட்டன்ட்டை எங்கள் ஈக்களோடு தலைமுறை தலைமுறையாக ஆறு முறை இனம் கலந்தேன், தலைமுறைக்கு இரண்டு வாரம் என்று மூன்று மாதம் போனது. அப்புறம் மறுபடி குழாயைத் தட்டி எண்ணினேன். ஆறு, ஏழு, ஆறு. அந்த மரபணுவுக்கும் ஏறுவதற்கும் சம்பந்தமே இல்லை.

நொதி வேலையில் இருந்த ஐந்து வருடத்தில் 'பின்னணி' என்ற சொல்லை நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. தூய்மையான நொதி எந்தக் குழாயிலும் அதே நொதிதான். அடுக்கு மாறியபோது, எதைச் சான்று என்று ஏற்பது என்பதும் மாறிவிட்டது, எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. இது என் ஒருவருக்கு நடந்ததும் இல்லை. ஆயுளை நீட்டுவதாகப் பெயர்பெற்ற சர்ட்டுவின் மரபணுவை 2011இல் புழுக்களிலும் ஈக்களிலும் மரபணுப் பின்னணியைச் சமன் செய்துவிட்டுப் பரிசோதித்தபோது, அந்த ஆயுள் நீட்டிப்பு காணாமல் போனது. மூலக்கூறு பக்கத்திலும் இதற்குச் சமமான பொறி உண்டு. ஒரு புரதத்தை அடையாளம் காணப் பயன்படுத்தும் ஆன்டிபாடி, நாம் தேடும் புரதத்தை விட்டுவிட்டு வேறொன்றைப் பிடித்துக்கொண்டு அழகான பட்டை காட்டும். அந்தப் புரதமே இல்லாத செல்லையும் பக்கத்தில் ஓட்டிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். எந்த லேபுக்குப் போனாலும், 'இங்கே பொய்யான விடை எந்த வழியாக வரும்?' என்று முதல் மாதத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மீன் லேபுக்குப் போவதாக இருந்தால் இன்னொன்றும் இப்போதே தெரிந்திருக்கட்டும், மாணவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். எட்டு மீன்கள் கொண்ட பத்துக் கூட்டங்களைப் படம் எடுத்தால் உங்கள் மாதிரி எண்ணிக்கை எண்பதா, பத்தா? கேள்வி கூட்டத்தின் முடிவைப் பற்றியது என்றால் பத்துதான். ஒரே தொட்டியில் நீந்தும் மீன்கள் ஒன்றையொன்று பார்த்துத் திரும்புகின்றன, அவற்றைத் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணினால் இல்லாத நம்பிக்கை வந்துவிடும். ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984இல் சூழலியல் களப் பரிசோதனைகளை அலசி, புள்ளியியல் சோதனை பயன்படுத்திய ஆய்வுகளில் ஏறத்தாழ பாதியில் இந்தப் பிழை இருப்பதாகக் காட்டினார். புரத லேபிலும் இதே கதைதான். ஒரு முறை பிரித்தெடுத்த புரதத்தை மூன்று முறை அளந்தால் அது ஒரு மாதிரிதான். இதைச் சரியாக எண்ணத் தெரியாமல் நாலாவது வருடத்தில் வந்து நின்ற தீசிஸ்களைப் பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். முதல் வருடத்திலேயே ஒரு புள்ளியியல் ஆளிடம் போய் உட்காருங்கள்.

சரி, எதிர்காலம் என்று சொல்கிறார்களே, அதற்கு வருகிறேன். இதில் நிச்சயமாகச் சொல்லக்கூடியது குறைவு. புரதத்தின் அமினோ அமில வரிசையை வைத்தே அதன் வடிவத்தைக் கணிக்கும் வேலையில் ஆல்ஃபாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் 2020இல் பெரிய பாய்ச்சல் காட்டியது, 2022இல் 20 கோடிக்கும் மேற்பட்ட கணிப்புகள் எல்லோரும் பார்க்கும்படி வெளியாயின, 2024இல் அதற்கு நோபலும் வந்தது. அதனால் 'ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தேன்' என்பது மட்டுமே இனி ஒரு தீசிஸாக நிற்பது கடினம். இது உறுதி. ஆனால் சவ்வுப் புரதம் திறந்து மூடும்போது இடையில் எந்தெந்த நிலைகளைக் கடக்கிறது, செல்லுக்குள் யாரோடு சேர்கிறது என்பதெல்லாம் இன்னும் கையால் செய்து பார்க்க வேண்டியவை. கணினி அவற்றையும் எவ்வளவு சீக்கிரம் பிடிக்கும் என்பது யாரும் சத்தியம் செய்ய முடியாத விஷயம். அப்படிச் சத்தியம் செய்பவர்கள் பேச்சைக் கேட்டு ஐந்து வருடத்தை ஒப்படைக்காதீர்கள்.

மீன் பக்கமும் 'பழைய உயிரியல்' ஒன்றும் இல்லை. வரிக்குதிரை மீனின் குஞ்சு கண்ணாடி போல ஒளி ஊடுருவக்கூடியது. அதன் மூளையில் ஏறத்தாழ ஒரு லட்சம் நியூரான்கள், 2013இலேயே அவற்றில் பெரும்பாலானவை ஒரே சமயத்தில் துடிப்பதைத் தனித்தனியாகப் பதிவு செய்துவிட்டார்கள். விலங்கின் உடலில் எந்த அடையாளமும் ஒட்டாமல், வீடியோவை வைத்தே அதன் அசைவைப் பின்தொடரும் டீப்லேப்கட் போன்ற மென்பொருள்கள் 2018 முதல் இருக்கின்றன. இன்னொரு பக்கம், நியூரான்களுக்கு இடையே உள்ள எல்லா இணைப்பும் தெரிந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையும் சோதிக்கப்பட்டுவிட்டது. சி. எலிகன்ஸ் புழுவுக்கு மொத்தமே 302 நியூரான்கள், அவற்றின் இணைப்பு வரைபடம் 1986இல் வெளியானது. வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் புழு அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று இன்றும் சொல்ல முடியவில்லை, இணைப்பே இல்லாத செல்களுக்கு இடையிலும் வேதிச் செய்திகள் பரவுவது அதற்கு ஒரு காரணம். புழு என்ன செய்கிறது என்று உட்கார்ந்து பார்க்கிற ஆளுக்கு அங்கே வேலை தீரவில்லை.

மூலக்கூறு மட்டும் தெரிந்தவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஈஸ்ட் கதை. ஈஸ்டில் சுமார் 6,000 மரபணுக்கள். ஒவ்வொன்றாக நீக்கி, சத்தான ஊடகத்தில் வளர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இல்லாததன் பாதிப்பைக் காட்டின, மிச்சமெல்லாம் தேவையே இல்லாதவை போலத் தோன்றின. 2008இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெவ்வேறு நிலைமைகளில், ரசாயனங்களும் ஊட்டக்குறைவும் கொடுத்து, வளர்த்துப் பார்த்தார்கள். 97 சதவீத மரபணுக்களுக்கு ஏதோ ஒரு நிலைமையில் பாதிப்பு தெரிந்தது. மரபணு என்ன செய்கிறது என்று கேட்டால், அந்த உயிர் எங்கே, எதைச் சாப்பிட்டு, எதைத் தாங்கி வாழ்கிறது என்றும் சேர்த்துத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அதே அளவுக்கு, மீனின் நடத்தையை மட்டும் பார்ப்பவர் அதன் கண்ணும், நீரின் அசைவை உணரும் பக்கவாட்டு உணர்கோடும் எதை உணர்கின்றன என்று தெரியாமல் ஊகித்தால் காற்றில் கோட்டை கட்டுவார்.

இனி செய்ய வேண்டியது. இரண்டு லேபிலும் ஒரு வாரம் சும்மா பக்கத்தில் உட்காரக் கேளுங்கள். ஒரு வாரம் முடியாது என்றால் இரண்டு நாள். வழிகாட்டி இருக்கும்போது நடக்கிற கூட்டத்தைவிட, அவர் இல்லாத மதியம் லேப் எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். மாணவர்கள் சொதப்பியதை ஒருவருக்கொருவர் காட்டுகிறார்களா, மறைக்கிறார்களா? வழிகாட்டியிடம் ஒரு கேள்வி போதும்: 'என்ன முடிவு வந்தால் இந்தக் கருத்து தப்பு என்று விட்டுவிடுவீர்கள்?' இதற்கு உடனே, தெளிவாக, ஒரு பரிசோதனையின் பெயரைச் சொல்லிப் பதில் தருபவரிடம் தைரியமாகச் சேரலாம். தப்பாகவே இருக்காது என்பவரிடம் எவ்வளவு பெரிய பெயர் இருந்தாலும் சேராதீர்கள். எதிர்மறை முடிவு வந்தால் அதைத் தீசிஸில் வைக்க விடுவாரா என்றும் கேட்டுவிடுங்கள். கடைசியாக வெளியே போன மூன்று நான்கு பேரைத் தேடிப்பிடித்துப் பேசுங்கள், குறிப்பாகப் பாதியில் விட்டுப் போனவர் யாராவது இருந்தால் அவரிடம். இப்போது உள்ளே இருப்பவர்களால் எல்லாவற்றையும் சொல்ல முடியாது. என் அனுபவத்தில் அடுக்கு சரியில்லாமல் முறிந்த பிஎச்டிகளைவிட வழிகாட்டியோடு ஒத்துவராமல் முறிந்தவை அதிகம், ஆனால் இது நான் பார்த்த சில லேப்களின் கணக்கு மட்டும்தான்.

மீன் லேபில் இன்னொரு கேள்வி: ஏன் இந்த மீன்? ஏராளமான கேள்விகளுக்கு அவற்றைப் படிக்க வசதியான ஓர் உயிரி இருக்கும் என்று உடலியல் அறிஞர் ஆகஸ்ட் குரோக் 1929இல் சொன்னார். 'எங்களிடம் தொட்டி இருக்கிறது' என்பது பதில் ஆகாது. கூட்டமாக நீந்துவது அந்த இனத்தில் பலமாக இருக்கிறது, ஆய்வகத்தில் இனப்பெருக்கம் செய்கிறது, மரபணுக் கருவிகள் இருக்கின்றன என்று இந்த மாதிரி வந்தால் நல்லது.

உங்கள் எழுத்திலிருந்து ஊகித்தால் நான் மீன் பக்கம்தான் சாய்வேன். புரத லேபைப் பற்றி நீங்கள் எழுதிய மூன்று வரியும் மற்றவர்கள் சொன்னது, மீன்களைப் பற்றி எழுதியதில் நீங்களே இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்த ஒரு வாரம் உட்கார்ந்த பிறகு குளிர் அறை பிடித்துப்போனால் என் ஊகத்தைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். எந்தப் பக்கம் போனாலும் மற்றக் கதவை அடைக்க வேண்டாம். மீன் லேபில் சேர்ந்தால், உங்கள் பிஎச்டியை மேற்பார்க்கும் ஆய்வுக் குழுவில் அந்தப் புரத லேபின் வழிகாட்டியைச் சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் மீன்கள் திரும்புவதற்கு முன் எந்த உணர்வு செல்லில் எந்த அயனி வாயில் (அதுவும் ஒரு சவ்வுப் புரதம்தான்) திறக்கிறது என்ற கேள்வி மூன்றாவது வருடத்தில் எப்படியும் வரும், அப்போது அந்த அறைக்கு நீங்கள் புது ஆளாகப் போக வேண்டியிருக்காது. மீன் எந்த இனம் என்று கீழே எழுதினால், அதில் மரபணுக் கருவிகள் எந்த அளவுக்கு இருக்கின்றன என்று தெரிந்ததைச் சொல்கிறேன்.